என்னை இடித்தவர் அடுத்த கட்டிலில்

ஊன்றுகோல் இல்லாமல் படியிறங்கத் தொடங்கிப் பத்து நாளாகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்களும் தொலைபேசியில் சுகம் விசாரித்தவர்களும் கோயிலில் கண்டவர்களும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "இந்த வயசில ஏன் சைக்கிள்ல போனனீங்கள்?" கால் எப்படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் இரண்டாவது கேள்விதான். ஆளுக்காள் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நடந்ததை ஒரேயடியாக எழுதிவைத்துவிடுகிறேன். இனிக் கேட்பவர்கள் இதை வாசிக்கட்டும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வீடு வெள்ளவத்தையில், வேலை கொட்டாஞ்சேனையில். துறைமுகத்தில் இறங்கும் சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் சின்னக் கந்தோர் ஒன்றில் மூத்த எழுதுவினைஞன். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் எல்லோரையும் போல நானும் ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். வரிசைகள் முடிந்ததும் மற்றவர்கள் கார்களுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை. காலையில் கடல் பக்கமாக மரீன் டிரைவ் வழியே போனால் பஸ்ஸில் போகும் நேரத்துக்குள் கந்தோருக்குப் போய்விடலாம். சீனி வருத்தமும் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது.

வீதி மட்டும் மாறியிருந்தது. பெற்றோல் இல்லாத காலத்தில் எங்களுக்கு வழிவிட்டவர்கள், பெற்றோல் வந்ததும் பின்னால் வந்து ஹோன் அடித்தார்கள். கண்ணாடியை இறக்கி ஏசியவர்களும் உண்டு. என் மனைவி வசந்தியின் தம்பி ரவி கார் வைத்திருப்பவன். அவன் என் முகத்துக்கு நேரேயே சொல்வான்: "அத்தான், நீங்கள் சைக்கிள் ஆக்கள் ஓரமாவும் போகமாட்டியள், கெதியாவும் போகமாட்டியள். பின்னால வாறவன் என்ன செய்யிறது?"

ஓரமாகப் போக முடியாததற்குக் காரணம் இருந்தது. ஓரம் முழுக்க வாகனங்கள் நிறுத்தியிருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். பம்பலப்பிட்டி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இடது பக்கத்தில் ஒரு வெள்ளை ஜீப் நின்றது. நான் அதன் பின்பக்கத்தை நெருங்கும்போது சாரதிப் பக்கக் கதவு அகலத் திறந்தது. நான் ஹான்டிலை வலது பக்கம் வெட்டினேன். கதவில் மோதவில்லை. அடுத்த கணம் பின்னாலிருந்து ஏதோ இடித்தது. தார் ரோட்டில் கன்னம் கிடந்தது. காலைப் பார்த்தேன். தொடையில், முழங்கால் இல்லாத இடத்தில், ஒரு மடிப்பு இருந்தது.

பிறகு ஆட்கள் கூடினார்கள். ஒருவர் தண்ணீர் தந்தார், இன்னொருவர் வேண்டாம் என்று பறித்தார். யாரோ என் சைக்கிளைத் தூக்கி மதிலில் சாத்தினார். ஜீப் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அம்புலன்ஸில் ஏற்றும்போது அது நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது தொடையெலும்பு நடுவில் முறிந்து, இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. தொடைத் தசை பலமானது, அதுதான் முறிந்த எலும்பை இப்படி இழுத்துவிடுகிறது என்று இளம் டொக்டர் விளங்கப்படுத்தினார். அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரை அந்த இழுப்பைத் தடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பினூடாக ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கவிட்டார்கள். இதற்கு ட்ரக்‌ஷன் என்று பெயர். மல்லாந்து படுக்கலாம். வேறு எதுவும் செய்ய முடியாது. திரும்பிப் படுக்க முடியாது, எழுந்து போக முடியாது, பிடிக்காதவர் பக்கத்தில் இருந்தால் முகத்தை மட்டும் திருப்பலாம்.

பிடிக்காதவர் பக்கத்திலேயே இருந்தார். பின்னேரம் ஊசி மயக்கம் தெளிந்து பார்க்கையில், இடது பக்கக் கட்டிலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காலில் மாவுக்கட்டும் கையில் பன்டேஜுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதானே சைக்கிள்?"

நான் ஓம் என்றேன்.

"நான்தான் பைக்."

அவர் பெயர் செல்வம். கொட்டாஞ்சேனைக்காரர். மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒரே விபத்து, ஒரே அம்புலன்ஸ், அடுத்தடுத்து இரண்டு கட்டில் காலியாக இருந்திருக்கிறது, போட்டுவிட்டார்கள்.

"பின்னால வாறவர்தானே பாத்து வரவேணும்?" என்று கேட்டேன்.

"நீங்க திடீர்னு வெட்டினா யாரால பாக்க முடியும்? கை காட்டினீங்களா?"

சத்தம் கூடியதும் வாட்டில் எல்லோரும் தலையைத் தூக்கிக் கேட்டார்கள். அங்கே படுத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் மோட்டார்சைக்கிளில் விழுந்தவர்கள். சைக்கிள்காரன் நான் ஒருவன்தான். தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எதிர்க் கட்டிலில் கழுத்துப் பட்டியோடு கிடந்த ஒருவர், சைக்கிள்களைக் கொழும்பு வீதிகளில் தடைசெய்ய வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். அவர் எதில் விழுந்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை செல்வம் தானாகவே கதைத்தார்.

"அண்ணே, உங்க மேல மட்டும் பிழை சொல்லக்கூடாது. அந்த ஜீப்காரன் கதவத் தொறந்தான்ல. கடைசி ரெண்டு நம்பர்கூட எனக்கு ஞாபகம் இருக்கு."

எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போனது. பார்வையாளர் நேரத்தில் அவர் மனைவி மேனகா வந்து, எனக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி தந்தார். வசந்தி கொண்டுவந்த இடியப்பத்தில் ஒரு பங்கு அந்தக் கட்டிலுக்குப் போனது. கயிற்றில் கட்டிய என்னால் மேசைக்கு எட்ட முடியாது. மேனகாதான் தண்ணீர்ப் போத்தலை என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நடந்தது எனக்குப் பாதிதான் ஞாபகம். நெஞ்சில் ஒரு பாரம். ஜன்னலில் இருந்த காகத்தைப் பார்த்துக் கந்தோரில் கையெழுத்துக்கு வைத்த பத்திரங்களைப் பற்றிக் கதைத்தேனாம். செல்வம்தான் கவனித்திருக்கிறார். "மிஸ், மிஸ், பக்கத்து அண்ணன் ஒரு மாதிரி மூச்சு வாங்குறாரு, பேச்சும் சரியில்ல" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. நேர்ஸ் உடனே வராததால், நல்ல கையால் தன் கட்டில் இரும்பில் தகரக் கோப்பையைத் தட்டியிருக்கிறார்.

டொக்டர் ஓடிவந்து என் சேர்ட்டைத் திறந்து மார்பைப் பார்த்தார். அங்கே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். பெரிய எலும்பு முறிந்தால் உள்ளே மச்சையில் இருக்கும் கொழுப்பு, துளித்துளியாக இரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். மூளைக்கும் போகலாம். அதுதான் மூச்சுத் திணறலும் உளறலும். இதைக் கரைக்க மருந்து இல்லை. ஒட்சிசன் கொடுத்து, உடம்பு தானாகச் சமாளிக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியதுதான். வசந்திக்கு டொக்டர் இதைச் சொன்னபோது, "சமாளிக்காட்டி?" என்று அவள் கேட்டாளாம். அவர், "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நானும் அதைத்தான் யோசித்திருப்பேன்" என்றாராம்.

தீவிர கவனிப்புப் பிரிவில் இரண்டு நாள். முகமூடி, ஒட்சிசன், விரலில் ஒரு கிளிப், அதன் முனையில் ஒரு எண். வசந்தி நுகேகொடையில் ஒரு வங்கியில் வேலை. அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போகாமல் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். உள்ளே விடும் ஐந்து நிமிடத்தில் என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளும் என்னிடம் ஏன் சைக்கிளில் போனீர்கள் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. முழு ஆஸ்பத்திரியிலும் அதைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

திரும்பவும் அதே வாட்டு, அதே கட்டில். செல்வம் என்னைக் கண்டதும் நல்ல கையைத் தூக்கினார். நான் இந்த மனிசனால் செத்திருப்பேன், இந்த மனிசனால்தான் பிழைத்தேன் என்று கணக்குப் பார்க்கத் தெரியாமல் நானும் கையைத் தூக்கினேன்.

அன்று பின்னேரம் ட்ரபிக் பொலிஸிலிருந்து ஒரு சார்ஜன்ட் பெரிய புத்தகத்தோடு வந்தார். முதலில் செல்வத்தின் வாக்குமூலம். திரைச்சீலையை இழுத்துவிட்டு எழுதினார். துணிதானே, எல்லாம் கேட்டது. ஜீப் ஏதாவது நின்றதா என்று சார்ஜன்ட் கேட்டார்.

"இல்ல சேர். ஜீப் ஒண்ணையும் நான் பாக்கல. சைக்கிள் திடீர்னு குறுக்க வந்திச்சு." சிங்களத்தில் சொன்னார், தடுமாறாமல்.

எழுந்து போய்த் திரையைக் கிழித்திருப்பேன். காலில் எடை தொங்கியது.

பிறகு சார்ஜன்ட் திரையைப் பாதி விலக்கிவிட்டு என் பக்கம் வந்தார். பெயர், வயது, தொழில். நாலாவது கேள்வி, சிங்களத்தில் ஐயா என்று மரியாதையாக, "இந்த வயதில் ஏன் மஹத்தயா சைக்கிள்?" நான் ஜீப்பைப் பற்றிச் சொன்னேன். இலக்கம் கேட்டார். தெரியாது. "அந்த ஆள் ஜீப் இல்லை என்கிறாரே" என்றார். பேனையால் திரைப் பக்கம் காட்டினார். செல்வம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"வலது பக்கம் திரும்பும்போது கை காட்டினீர்களா?"

"காட்டினேன்."

நான் காட்டவில்லை. காட்ட நேரம் இருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கோபத்தில் வாயில் வந்தது அதுதான். சார்ஜன்ட் எழுதினார், வாசித்துக் காட்டினார், நான் கையெழுத்து வைத்தேன்.

சார்ஜன்ட் வாட்டைவிட்டுப் போனார். நான் இடது பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"செல்வம், நீர் ஜீப்பைக் காணேல்லையோ?"

"கண்டேண்ணே."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீர்?"

"கண்டேன்னு சொன்னா, கதவு தொறந்தது தெரிஞ்சும் ஏன் பிரேக் அடிக்கலன்னு கேப்பாங்க. லைசன் போச்சுன்னா எனக்கு வேலை இல்ல."

"சரி, நான் கேக்கிறன். ஏன் அடிக்கேல்லை?"

அவர் முகட்டைப் பார்த்தார். "நீங்க நிப்பீங்கன்னு நெனச்சேன். சைக்கிள்தானே."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. காரென்றால் அவர் நின்றிருப்பார், பஸ் என்றால் ஒதுங்கியிருப்பார், சைக்கிள் என்றால் சைக்கிள்தான் நிற்க வேண்டும் என்பது அவருக்கு இயல்பான விஷயம். ஜீப்காரனும் கதவைத் திறக்கமுன் கண்ணாடியில் பார்த்திருந்தால் அதையேதான் நினைத்திருப்பான்.

அன்றிரவு வசந்தியிடம் தொலைபேசியில், இனி அந்தக் கட்டிலுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றேன். அடுத்த நாள் அவள் வழக்கம் போல இரண்டு பெட்டி கொண்டுவந்து, ஒன்றை மேனகாவிடம் கொடுத்தாள். நான் முறைத்தேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் பொலிஸில அடிபடுங்கோ. அந்தப் பிள்ளை என்ன செய்தது?" என்றாள்.

ரவி தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவோம் என்று வந்து நின்றான். "செலவைப் பற்றி யோசிக்காதேங்கோ அத்தான்" என்றான். அவனிடம் நடந்ததைச் சொன்னபோது, "கதவு திறக்கிறவன் பாக்கத்தான் வேணும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உங்களுக்கும் சைக்கிள் தேவையில்லை" என்றான். அவனால் முடிந்த அனுதாபம் அவ்வளவுதான். டொக்டர் இந்த நிலையில் அசைக்க வேண்டாம் என்றதால் மாறவில்லை.

ஒன்பதாம் நாள் அறுவைச் சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். தொடையெலும்பின் உள்ளே குழாய் போல வெற்றிடம் இருக்கிறது. அதற்குள் இடுப்புப் பக்கமிருந்து ஒரு நீண்ட கம்பியை இறக்கி, மேலும் கீழும் ஆணி பூட்டுவார்கள். வலி தெரியவில்லை, சுத்தியல் சத்தம் தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் படம் மாட்டுவது போல இருந்தது. அந்தச் சுவர் நான் என்பதைப் பற்றி யோசிக்காமல் இருக்க, மரீன் டிரைவிலுள்ள குறுக்குத் தெருக்களை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

செல்வம் எனக்கு முன்னரே வீட்டுக்குப் போனார். போகுமுன் ஊன்றுகோலோடு என் கட்டிலடியில் வந்து நின்றார்.

"அண்ணே, நான் பொலிசுக்குப் போய் மாத்திச் சொல்றேன்."

நான் பேப்பரை வாசிப்பது போல இருந்தேன். நம்பவில்லை. மேனகா மட்டும் தண்ணீர்ப் போத்தலை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபிறகு நடந்த பயிற்சி, வீக்கம், கழிவறைக்குப் போக எடுத்த அரை மணித்தியாலம், இவையெல்லாம் முறிந்தவர்களுக்குத் தெரியும், முறியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. ஏழாவது கிழமை ஒரு நாள் தொலைபேசி வந்தது. செல்வம்.

"நாளைக்குப் போறேண்ணே. நீங்களும் வாறீங்களா? தனியாப் போகப் பயமா இருக்கு."

ரவிதான் காரில் கொண்டுபோனான். வழியில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்த செல்வத்தையும் ஏற்றிக்கொண்டோம். பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் நிறுத்த இடமில்லை என்று, காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவின் மறுபக்கத்தில் ஒரு தெருவுக்குள் நிறுத்திவிட்டுத் தான் காரிலேயே இருப்பதாகச் சொன்னான்.

உள்ளே ஒன்றரை மணித்தியாலம் நீண்ட மர வாங்கில் இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு வந்த அதே சார்ஜன்ட்தான் கூப்பிட்டார். செல்வம் முதலில் சொன்னார். ஜீப் நின்றது, கதவு திறந்தது, இலக்கத்தில் கடைசி இரண்டும் இவை. சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்துவிட்டு, செல்வம் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்.

"கதவு திறந்ததைக் கண்டிருந்தால், சைக்கிள் வலது பக்கம் வரும் என்று தெரியாதா? ஏன் நிறுத்தவில்லை?"

"அவர் நிப்பார்னு நெனச்சேன் சேர்."

அதை அப்படியே எழுதினார். எழுதும்போது செல்வத்தின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னிடம் திரும்பி, மஹத்தயாவுக்குத் திருப்திதானே என்றார்.

திருப்திதான் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஊன்றுகோலைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"நான் கை காட்டினது எண்டு எழுதியிருக்கிறீங்கள். நான் காட்டேல்லை. திரும்பிப் பாக்கவும் இல்லை," என்றேன்.

சார்ஜன்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியென்றால் இரண்டு பேரும் எனக்குப் பொய் சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்," என்றார். கோபம்கூட இல்லை, களைப்புத்தான். இன்னொரு தாள் எடுத்தார். எழுதி முடிய, செல்வத்தின் மேல் கவனமின்றி ஓட்டிய வழக்கு வரும் என்றார். என்னை எச்சரித்தார். ஜீப்பைப் பற்றிக் கேட்டேன். இரண்டு இலக்கத்தை வைத்து இந்த ஊரில் எத்தனை வெள்ளை ஜீப்பைத் தேடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஆனாலும் எழுதியிருப்பதாகச் சொன்னார். அந்த வரியை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். ஒரு வரிதான்.

இன்றுவரைக்கும் அந்த ஜீப் கிடைக்கவில்லை. செல்வம் வழக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறார். உண்மை சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது அது. நீதிமன்றத்தில் அவருக்காகக் கதைக்க நானும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். ரவிக்கு இது விசர் வேலையாகத் தெரிகிறது.

அன்று பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்து பாதசாரிகளுக்கான மஞ்சள் கடவையில் நின்றோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று ஊன்றுகோல். எதிர்ப்பக்கத்தில் ரவி தெருமுனைக்கு வந்து நின்று, வாருங்கள் வாருங்கள் என்று கையசைத்தான். கார்கள் நிற்கவில்லை. ஒரு பஸ் எங்களைக் கண்டதும் இன்னும் வேகமெடுத்தது. கடைசியில் ஒரு லொறிக்காரர் நிறுத்தி, போங்கள் என்று தலையசைத்தார். அவருக்குப் பின்னால் மற்றவையும் நின்றன. நாங்கள் அடி அடியாக நடுவீதிவரை வந்தோம். அப்போது நின்ற வாகனங்களுக்கு இடையால் நெளிந்து, மணியை அடித்துக்கொண்டே ஒரு சைக்கிள் எங்கள் முன்னால் குறுக்கே போனது. என் ஊன்றுகோல் நுனியில் அதன் பின்சில்லு உரசியது. ஓட்டியவர் என் வயதுக்காரர். திரும்பியும் பார்க்கவில்லை.

செல்வம் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஓரமாப் பாத்து ஓடத் தெரியாதோ, மடையா," என்று அந்தச் சைக்கிள்காரனைப் பார்த்து நடுவீதியில் நின்று கத்தினேன்.